அந்தப் பறுவத்தில் மீன் பாடியது எனக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா?

கல்லடியான் எழுதியது:

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுத்து, ஒருமாதிரிச் சித்தியடைந்து, பிறகு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காதவன் நான். இப்போது ஒரு சின்ன விஷயம் மண்டையைக் குடைகிறது. இங்கே மெய்யியல் படித்த ஆட்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

போன பறுவத்துக்கு (முழுநிலவு நாளுக்கு) கொழும்பிலிருந்து மச்சான் வந்திருந்தான். மட்டக்களப்புக்கு வந்துவிட்டு வாவியில் மீன் பாடுவதைக் கேட்காமல் போவதா என்று இரவு பத்து மணிக்குப் பிறகு தோணியில் வெளிக்கிட்டோம். கல்லடிப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினோம், காற்று இல்லை, தண்ணீர் அசையவே இல்லை. துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி மற்ற முனையில் காதை வைத்தேன். மெல்லிய ரீங்காரம், 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே இருந்தது. துடுப்பை மச்சானிடம் கொடுத்து "கேளடா, மீன் பாடுது" என்றேன். அவனும் கேட்டு, வாயைப் பிளந்து, போனில் பதியப் பார்த்தான், ஒன்றும் பதியவில்லை.

மூன்று நாள் கழித்து வேறு வேலையாக அதே இடத்தில் தோணியில் நின்றபோது சும்மா துடுப்பில் காதை வைத்தேன். அதே ரீங்காரம். கரையில் ஒருவர் தோட்டத்துக்கு மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவர் மோட்டரை நிறுத்தினார், ரீங்காரம் நின்றது. திரும்பப் போட்டார், திரும்ப வந்தது. விசாரித்தால் பறுவத்தன்று இரவும் விடிய விடிய இறைத்தாராம். ஆக நான் அன்று கேட்டது மோட்டர் சத்தம்.

இதோடு முடிந்திருந்தால் அசடு வழிந்துவிட்டு இருந்திருப்பேன். ஆனால் என் பெரியப்பா அதே இரவு, அதே நேரம், பாலத்துக்கு அங்கால் மோட்டர் சத்தம் எட்டாத தூரத்தில் தோணியில் இருந்திருக்கிறார். அன்றைக்கு மீன் நல்லாப் பாடினதாம். அப்போ நான் "மீன் பாடுது" என்று சொன்னது உண்மை. நான் அதை நம்பினேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது: பறுவம், அமைதியான தண்ணீர், சரியான இடம், காதில் சத்தம். உண்மை, நம்பிக்கை, காரணம் மூன்றும் இருந்தும் எனக்கு அது தெரிந்திருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. மச்சானிடம் சொன்னால் "பாடினதுதானே, பிறகென்ன உனக்கு?" என்கிறான். எது இங்கே குறைகிறது?

பழைய வாத்தி எழுதியது:

தம்பி, உங்களுக்கே தெரியாமல் ஒரு கெட்டியர் கதை கட்டிவிட்டீர்கள். எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் 1963இல் 'அனலிசிஸ்' என்ற சஞ்சிகையில் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். நியாயமான காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கைதான் அறிவு என்ற வரைவிலக்கணத்தை அதில் இரண்டு உதாரணத்தால் அடித்தார். ஒன்றில், வேலை யாருக்குக் கிடைக்கும் என்று ஒருவன் கணக்குப் போடுகிறான். போட்டியாளனுக்குத்தான் கிடைக்கும் என்று பலமான ஆதாரம் இருக்கிறது, அந்தப் போட்டியாளனின் சட்டைப்பையில் பத்து நாணயம் இருப்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறான். ஆகவே "வேலை கிடைக்கப்போகிறவனின் பையில் பத்து நாணயம் இருக்கிறது" என்று முடிவெடுக்கிறான். கடைசியில் வேலை கிடைத்தது இவனுக்கே, இவன் பையிலும் தற்செயலாகப் பத்து நாணயம். சொன்னது உண்மை, காரணமும் இருந்தது, ஆனால் அறிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் மோட்டரும் அந்த நாணயமும் ஒரே சாதி.

இந்த வரைவிலக்கணத்தைப் பிளேட்டோ தந்தார் என்று ரியூஷன் கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள் (நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மன்னிக்கவும்). 'தியேட்டிட்டஸ்' உரையாடலில் அது ஆராயப்படுவது உண்மை, ஆனால் அங்கே அது தேறவில்லை, உரையாடல் விடையில்லாமலே முடிகிறது.

இனி இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வில்லங்கம் என்றும் நினைக்க வேண்டாம். 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தர் தர்மோத்தரர் சொன்ன உதாரணம்: இறைச்சி வாட்ட இப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை, ஆனால் மேலே பூச்சிக் கூட்டம் மொய்க்கிறது. தூரத்தில் நிற்பவன் அதைப் புகை என்று எண்ணி "அங்கே தீ" என்கிறான். தீ இருக்கிறது. ஸ்ரீஹர்ஷர் 12ஆம் நூற்றாண்டில் பொத்திய கைக்குள் எத்தனை சோகி (சோழி) என்று குருட்டுவாக்கில் சரியாகச் சொல்பவனைப் பற்றிக் கேட்டார்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: தெரிந்திருக்கவில்லை. நடுவில் ஒரு பொய்ப் படி இருக்கிறது, "இந்த ரீங்காரம் மீனுடையது" என்பது. அந்தப் படியில் கால் வைத்துத்தான் மேலே போனீர்கள்.

ஆனால் பொய்ப் படியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். வீதியோரத்தில் வரிசையாக எருமைத் தயிர்ச் சட்டி அடுக்கியிருக்கிறது என்று வையுங்கள். கடைக்காரன் கெட்டிக்காரன், பார்வைக்கு வைத்த இருபது சட்டியில் பத்தொன்பதுக்குச் சீமெந்து ஊற்றி மேலே வெள்ளை பூசியிருக்கிறான். பஸ்ஸில் போகும் நீங்கள் எதேச்சையாக அந்த ஒரே உண்மைச் சட்டியைக் காட்டி "அதிலே தயிர்" என்கிறீர்கள். பொய்ப் படி எதுவும் இல்லை, தயிரைப் பார்த்துத் தயிர் என்றீர்கள். தெரிந்து சொன்னதா? அல்வின் கோல்ட்மன் 1976இல் இதே புதிரைப் போலிக் களஞ்சியங்களை வைத்துச் சொன்னார், நான் தயிருக்கு மாற்றிவிட்டேன்.

வட்டைக்காரன் எழுதியது:

வாத்தியார் சொன்ன தயிர்க் கடை எங்கே இருக்கென்று சொன்னால் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம்.

நான் படுவான்கரை ஆள், மெய்யியல் படித்ததில்லை. ஆனால் இந்தக் 'காரணம்' என்ற சொல்லை இவ்வளவு பெரிதாகப் பிடித்துத் தொங்குவது எனக்கு விளங்கவில்லை. பெரும்போக நெல் விளைகிற காலத்தில் இரவு பரணில் படுத்திருப்போம். சில இரவு யானை கிட்ட வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், சத்தம் இல்லை, இருட்டில் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. எழும்பி லைட் அடித்தால் நிற்கும். நாற்றமா, தவளை கத்துவது குறைவதா, வேறு என்னவோ, எனக்கே சொல்லத் தெரியாது. பக்கத்து வயல்காரப் பொடியன் "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் "தெரியும்" என்பதுதான் பதில். முப்பது வருடத்தில் பிழைத்தது குறைவு. காரணம் சொல்ல முடியவில்லை என்பதற்காக எனக்குத் தெரியாது என்று உங்கள் புத்தகம் சொன்னால் அந்தப் புத்தகம் ஒரு இரவு பரணில் வந்து படுக்கட்டும்.

கல்லடித் தம்பிக்கு நடந்தது வேறு. அவருக்கு மோட்டர் சத்தத்தையும் மற்றதையும் பிரித்துக் கேட்கிற காது இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பழைய வாத்தி எழுதியது:

வட்டைக்காரன் அண்ணன், உங்களை ஒரு கட்சியில் சேர்க்கலாம். காரணத்தை ஆள் வாயால் சொல்ல வேண்டியதில்லை, நம்பிக்கை பிறந்த வழி பெரும்பாலும் உண்மையில் கொண்டுபோய் விடுகிற வழியாக இருந்தால் போதும் என்று அதே கோல்ட்மன் 1979இல் எழுதினார். உங்கள் முப்பது வருடப் பரண் அப்படியான வழி. தம்பியின் காது அப்படியல்ல. றொபர்ட் நொசிக் 1981இல் இன்னொரு சோதனை வைத்தார்: அது உண்மையாக இல்லாதிருந்தால் அப்போதும் நீ நம்பியிருப்பாயா? யானை வராதிருந்தால் உங்களுக்கு அந்த உணர்வு வந்திராது. அன்று மீன் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் மோட்டர் ஓடியிருக்கும், தம்பி மச்சானுக்குத் துடுப்பை நீட்டியிருப்பார். ஆகவே அவர் இதில் பெயில்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. "பிழைத்தது குறைவு" என்றீர்கள். பிழைத்த இரவுகளை எண்ணி வைத்தீர்களா? யானை வந்த இரவு ஞாபகம் இருக்கும், வராத இரவு மறந்துபோகும்.

வட்டைக்காரன் எழுதியது:

யானை வராத இரவுதான் சேர் நித்திரை கொண்ட இரவு, அதை மறக்க ஏலாது.

அக்கரைப்பற்று காக்கா எழுதியது:

நல்ல கதை போகுது. நானும் கொஞ்சம்.

புலன்களை நம்பலாமா என்று இமாம் கஸ்ஸாலி தன் தேடலைப் பற்றி எழுதிய நூலில் கேட்கிறார். நிழலைப் பார், அசையாமல் நிற்பதுபோல் இருக்கிறது, ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு நாணயம் அளவுதான் தெரிகிறது, கணிதம் அது பூமியை விடப் பெரிது என்கிறது. கண்ணைத் திருத்தப் புத்தி வந்ததென்றால், புத்தியைத் திருத்த இன்னொன்று வராது என்று எப்படிச் சொல்வது? 1111இல் மௌத்தானவர், இன்றைக்கும் இந்தக் கேள்விக்கு எனக்கு நித்திரை கெடுகிறது. எங்களிடம் உறுதிக்கு மூன்று படி சொல்வார்கள்: இல்முல் யகீன், ஐனுல் யகீன், ஹக்குல் யகீன். நெருப்பு இருக்கிறது என்று கேள்விப்படுவது, நெருப்பைக் கண்ணால் காண்பது, நெருப்பில் சுடுபடுவது. தம்பி தனக்கு இரண்டாம் படி என்று நினைத்தார், உண்மையில் இருந்தது முதலாம் படி. சின்ன வயதிலிருந்து ஊர் சொன்னதைத்தான் அவர் துடுப்புக்குள் கேட்டிருக்கிறார்.

இனி என் உண்மையான கேள்வி. நீங்கள் எல்லாரும் மோட்டரில் நிற்கிறீர்கள். மீனில் யாரும் நிற்கவில்லையே? பாடுவது மீன்தான் என்று யார் சொன்னது? வெள்ளைக்காரர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்பில் தோணியேறி இதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வருவது போன்ற ஒலி, தோணிப் பலகையில் காதை வைத்தால் கூடுகிறது என்கிறார். அவருக்கு மீனவர்கள் கொண்டுவந்து காட்டியது மீனை அல்ல, ஊரியை, ஓட்டுக்குள் இருக்கும் நத்தை மாதிரியான உயிரை. இதுதான் சத்தம் போடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு 1950களில் அமெரிக்க யேசு சபைப் பாதிரியார் லாங் ஒலிப்பதிவே செய்தார், ஆக சத்தம் இருப்பதில் பிரச்சினை இல்லை. மீன் சத்தம் போடாது என்றும் நான் சொல்லவில்லை, உள்ளே இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து உறுமுகிற மீன்கள் உலகத்தில் எத்தனையோ. ஆனால் 'மீன் பாடும் தேன்நாடு' என்று பெயர் வைத்துப் பாட்டுக் கட்டி வளைவிலும் எழுதிய பிறகு, ஊரி என்று சொன்ன அந்த மீனவனை யார் கணக்கெடுக்கிறார்கள்?

நாவற்குடா வாசகி எழுதியது:

காக்கா கடைசியில் கேட்டதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டியது.

நான் தமிழ் படித்தவள், ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர் வரும் காதையில் முதலில் பேசுகிறவரே அளவைவாதி. உண்மையை அளக்கும் வழி பத்து என்கிறார், காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று போகும். அதில் ஒன்று ஐதிகம். அதற்கு அவர் தரும் உதாரணம், இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகம் சொல்வதை வைத்துத் தெளிவது! அது சரியான அளவையாம். பிறகு பிழையான அளவை எட்டையும் எண்ணுகிறார். அதில் கடைசி 'நினைப்பு': இவர்தான் உன் தாய், இவர்தான் உன் தந்தை என்று பிறர் சொல்ல, வேறு காரணம் இல்லாமல் அப்படியே எண்ணிக்கொள்வது. பேயை ஊர் சொன்னால் அறிவு, அம்மாவை ஊர் சொன்னால் பிழை. முதல் தரம் படித்தபோது சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று சொல்வதில் முக்கால்வாசி மற்றவர் வாயிலிருந்து வந்தது, எங்கே கோடு போடுவதென்று அந்த ஆளுக்கும் பிடிபடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த எட்டில் 'தேராது தெளிதல்' என்றும் ஒன்று வரும், தறியை (நட்டு நிற்கும் கட்டையை) பார்த்து ஆராயாமல் ஆள் என்று முடிவுகட்டுவது. கல்லடியான் தம்பியின் துடுப்பு அதில்தான் விழும். தறி நிற்கிற இடத்துக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு ஆள் நின்றால் என்ன என்று அளவைவாதி கேட்கவில்லை, அதைக் கேட்டவர் தர்மோத்தரர்.

வாத்தி சேரிடம் ஒன்று. நம்பிக்கையோடு உண்மையையும் காரணத்தையும் கூட்டினால் அறிவு வரும், வராவிட்டால் நாலாவதாக எதைக் கூட்டலாம் என்றே எல்லாரும் ஓடுகிறார்கள். ஆனால் நாங்கள் எப்படிக் கதைக்கிறோம்? 'நான் நம்புகிறேன்'. 'எனக்குத் தெரியும்'. நம்புகிறவள் நான், அது என் வேலை. தெரிவது எனக்கு, பசிப்பது எனக்கு, காய்ச்சல் வருவது எனக்கு என்பதுபோல. கரையில் நின்றால் பாலம் தெரியும் என்கிற அதே தெரியும். பொருள் வந்து முன்னால் நிற்க வேண்டும், நான் எவ்வளவு கெட்டியாக நம்பினாலும் நம்புவது தெரிவதாக வளராது, இரண்டும் வேறு செடி. வட்டைக்காரன் அண்ணனுக்கு இருட்டில் யானை 'தெரிந்தது'. தம்பிக்கு மீன் தெரியவில்லை, தம்பி மீனை நம்பினார்.

பழைய வாத்தி எழுதியது:

தங்கச்சி, இலக்கணத்தை வைத்து மெய்யியல் கட்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். 'எனக்குத் தெரியும்' என்று சத்தியம் பண்ணிப் பிழையாகச் சொன்னவர்களும் இந்த ஊரில் நிறைய. பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு பிள்ளையும் அப்படித்தான்.

இருந்தாலும் நீங்கள் போகிற திசையில் ஆள் இல்லாமல் இல்லை. லிண்டா சக்செப்ஸ்கி 1994இல் காட்டினார்: உண்மைக்கும் காரணத்துக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும் அதற்குள் தற்செயல் புகுந்துகொள்ளும், நாலாவது நிபந்தனை என்ன போட்டாலும் புதிதாக ஒரு கெட்டியர் கதை கட்டலாம். திமத்தி வில்லியம்சன் 2000இல் வந்த புத்தகத்தில் அறிவை உடைத்துத் துண்டு துண்டாக்குகிற வேலையையே விடுங்கள், அறிவுதான் முதல், நம்பிக்கையை வேண்டுமானால் அதிலிருந்து விளக்கலாம் என்றார். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அதை வாசித்தேன், முப்பது வருடம் வேறு மாதிரிப் படிப்பித்துவிட்டு.

ஊரியைப் பற்றிக் காக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்லடியான் தம்பி, பெரியப்பாவிடமே கேளுங்கள், அவர் கேட்டது மீனையா என்று.

கல்லடியான் எழுதியது:

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது போல.

பெரியப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு மீன் பாடினது என்று சொன்னீங்களே, மீன்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். தலையைத் தூக்காமலே சொன்னார்: "நான் எங்க மனே மீன் எண்டு சொன்ன? அண்டைக்கு நல்லாக் கேட்டது எண்டுதான் சொன்னன். மீன் எண்டு போட்டது நீ." யோசித்துப் பார்த்தால் சரிதான், அவர் சொன்னது 'நல்லாக் கேட்டது' என்ற ஒரு வசனம்தான், நான்தான் இங்கே முதல் பதிவில் மீனைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். அப்போ மீனா, ஊரியா என்றேன். "ரெண்டையும் பிடிச்சிருக்கன், கையில ரெண்டும் சத்தம் போடல்ல" என்றார். அவருடைய தகப்பன் ஊரி என்றுதான் சொல்வாராம், அம்மாவின் ஆட்கள் மீன் என்பார்களாம், அவர் சின்ன வயதிலேயே கேட்பதை விட்டுவிட்டாராம்.

ஆக வாத்தி சேர் எனக்கு முதல் பதிலில் போட்டுக்கொடுத்த 'உண்மை' என்ற புள்ளியும் இப்போது கையில் இல்லை. பாடியது ஊரி என்றால் நான் சொன்னது வெறும் பிழை, கெட்டியர் கதையே இல்லை. மீன் என்றால் கெட்டியர் கதை. எது என்று தெரியும்வரை எனக்குத் தெரியாமல் இருந்தது எந்த விதமான தெரியாமை என்றே தெரியாது. மச்சான் கொழும்பில் வேலைத்தலம் முழுக்க மீன் பாடியதைக் காதால் கேட்டதாகச் சொல்லிவிட்டான், அதில் இரண்டு பேர் அடுத்த பறுவத்துக்கு வருகிறார்களாம், தோணிக்கு ஆள் பார்க்கச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது.

அக்கரைப்பற்று காக்கா எழுதியது:

வருகிறவர்களைப் பெரியப்பாவின் தோணியில் ஏற்றுங்கள் தம்பி, உங்கள் தோணியில் வேண்டாம். நானும் வாறன், இடம் இருந்தால்.

வட்டைக்காரன் எழுதியது:

எல்லாம் சரி, தண்ணிக்குள்ளால் இவ்வளவு தூரம் கேட்கிற அந்த மோட்டர் எத்தனை குதிரைவலு, என்ன விலைக்கு எடுத்தவராம்? சிறுபோகத்துக்கு எனக்கொன்று தேவைப்படுது.